சயின்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்: "அறிவியல் நிர்வாகி" போதுமா?

வணக்கம் எல்லாருக்கும்,

நாம தமிழ்ல எழுதிட்டிருக்கற மினா ரீஸ் கட்டுரைக்கு, சயின்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டருக்குத் தமிழா வச்சு "அமெரிக்கக் கணிதவியலாளர், அறிவியல் நிர்வாகி"ன்னு முதல் வரி போட்டுடலாம்னு குழுவுல ஒரு ஐயா எழுதியிருந்ததைப் பாத்தேன். கணிதவியலாளர் சரி, நிர்வாகிதான் இடிக்குது. நம்மூர்ல நிர்வாகின்னா ஒண்ணு கட்சி நிர்வாகி, இல்லன்னா ஃபைல்ல கையெழுத்து போடுற ஆளு. இந்தம்மா பாத்த வேலைய ரெண்டுலயும் அடக்க முடியாது.

1902ல கிளீவ்லாந்துல பொறந்து நியூயார்க்ல வளர்ந்தவங்க, ஹன்டர் காலேஜ்ல படிச்சு அங்கேயே வாத்தியார். கொலம்பியால கணிதத்துல பிஎச்டி பண்ணலாம்னு போனா, பொம்பளைங்களை எடுக்கறதுல டிபார்ட்மென்ட்டுக்கு இஷ்டமில்லன்னு ஜாடைமாடையா சொல்லிட்டாங்க, அப்புறம் சிகாகோ போயி கணிதப் பேராசிரியர் டிக்சன்கிட்ட 1931ல முடிச்சாங்க. இதெல்லாம் நாலு வரில போயிடும். 1943ல வாரன் வீவர் தலைமையில போருக்கு கணக்கு போட்டுக் கொடுக்கற பயன்பாட்டுக் கணிதக் குழுவுல அவருக்கு உதவியாளரா சேர்றாங்க பாருங்க, விஷயமே அங்கதான் ஆரம்பிக்குது.

போர் முடிஞ்சு 1946ல அமெரிக்கக் கடற்படை ஒரு ஆய்வு அலுவலகம் திறந்து கணிதப் பிரிவை இவங்க கையில குடுத்துச்சு. ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கற அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை வர்றதுக்கு இன்னும் 4 வருஷம் இருக்கு, அதனால அடிப்படை ஆராய்ச்சிக்கு காசு வேணும்னா பெரும்பாலும் ராணுவத்துகிட்டதான் போகணும். ராணுவக் காசு வாங்கலாமான்னு கணிதக்காரங்களுக்கே தயக்கம். கப்பலுக்கு நேரா உபயோகப்படற கணக்குக்கு மட்டும் தருவேன்னு சொல்லியிருந்தா யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க, ஆனா ரீஸ் அப்படி நிக்கல, சுத்தக் கணிதத்துக்கும் சேத்தே குடுத்தாங்க.

ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். 1947ல விமானப்படைல இருந்த கணிதக்காரர் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறைய கொண்டுவர்றாரு, அதாவது இருக்கறதை எப்படிப் பங்கிட்டா பலன் அதிகம்னு கணக்கு போடற நேரியல் திட்டமிடலுக்கான வழி. அடுத்த வருஷமே பிரின்ஸ்டன்ல டக்கர், குன், கேல் மூணு பேரும் அந்த நேரியல் திட்டமிடலையும், எதிராளி என்ன செய்வான்னு யோசிச்சு முடிவெடுக்கற கணிதமான ஆட்டக் கோட்பாட்டையும் சேத்து வச்சு வேலை பாக்கறாங்க, அதுக்குப் பணம் இந்தக் கடற்படை அலுவலகத்துது. இன்னிக்கு ஆப்டிமைசேஷன், அதாவது இருக்கறதுல சிறந்த தீர்வைத் தேடற கணிதம், படிக்கற பசங்க மண்டைய உடைச்சுக்கற குன்-டக்கர் நிபந்தனை அந்த வழில வந்ததுதான்.

காசு இல்லன்னு சொல்றதும் அந்த வேலைல சேர்த்திதான். எம்ஐடி-ல ஃபாரெஸ்டர் குழு அதே கடற்படை அலுவலகக் காசுல கட்டிட்டிருந்த வேர்ல்விண்ட் கம்ப்யூட்டர் காசை முழுங்கிட்டே இருக்கு, அங்க கணிதம் தெரிஞ்ச ஆளு பத்தலன்னு இவங்களுக்கு சந்தேகம், கயிறை இறுக்குனாங்க. கடைசில விமானப்படை உள்ள வந்து அதைக் காப்பாத்துச்சு, கம்ப்யூட்டர் தகவலைச் சின்னச் சின்ன காந்த வளையங்கள்ல வச்சுக்கற காந்த உள்ளக நினைவகமும் அங்கிருந்துதான் வந்துச்சு, ஆக அந்தக் கணிப்புல இவங்க பக்கம் முழு மார்க் போட முடியாதுன்னுதான் எனக்குப் படுது. ஆனாலும் 1953ல இவங்க அந்த வேலைய விட்டுக் கிளம்பினப்போ, போருக்கப்புறம் நாட்டுல நடந்த மொத்தக் கணித வளர்ச்சியும் இவங்களுக்குக் கடன்பட்டிருக்குங்கற அர்த்தத்துல அமெரிக்கக் கணிதக் கழகம் தீர்மானமே போட்டுச்சு.

இப்ப சொல்லுக்கு வருவோம். "புரவலர்"னு ஒருத்தர் சொன்னாரு, அது சொந்தக் காசை அள்ளிக் குடுக்கறவரு, இங்க காசு கடற்படையோடது. "ஆய்வு நெறியாளர்" அழகாதான் இருக்கு, ஆனா பிஎச்டி கைடு அதை எப்பவோ எடுத்துக்கிட்டாரு, மிச்சத்தை டிவி விவாதக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. பண்ணைல முதலாளி காசை தன் புத்தியால செலவு பண்ற காரியஸ்தர்தான் பொருளுக்கு ரொம்பப் பக்கம், ஆனா அதைப் போட்டா தனித்தமிழ் நண்பர்கள் என்னைக் குழுவுல வச்சிருக்க மாட்டாங்க 😀

என் பரிந்துரை "நல்கை வகுநர்". கிராண்ட்டுக்கு நல்கை ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, பல்கலைக்கழக நல்கைக் குழுன்னு எழுதறோமே. வகுத்தல்னா இன்னாருக்கு இவ்வளவுன்னு பங்கிட்டு விதிக்கறது, திட்டம் வகுக்கறதும் அதேதான். ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்ல. வகுத்தல் கணக்குல வர்ற வகுத்தி, வகுஎண்ணோட குழம்பும்னு கணக்கு வாத்தியார்கள் சொல்லலாம், -நர் விகுதி ஆளைத்தானே குறிக்கும், குழம்பாதுன்னு நினைக்கறேன்.

ஆனா இதை 1946-53 காலத்துக்கு மட்டும் வச்சுப்போம். அப்புறம் ஹன்டர்ல டீன், 1961லேருந்து நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துல பட்டமேற்படிப்புக்கு டீன், கடைசில அந்தப் பட்டமேற்படிப்பு மையத்துக்கே தலைவர்னு போனப்போ செஞ்சது நெசமாவே நிர்வாகம், அங்க நிர்வாகின்னே இருக்கட்டும். 1971ல அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்துக்கு முதல் பெண் தலைவரானதுக்கு "தலைவர்" போதும், தலைவி வேண்டாம். டீனுக்கு புலமுதல்வர் இருக்கு. நடுவுல 1968ல புரோவோஸ்ட்டா, அதாவது கல்வி விஷயங்களைப் பாத்துக்கற மூத்த அதிகாரியா இருந்தாங்க, அதுக்குத்தான் ஒண்ணும் அமையல, வரைவுல இப்போதைக்கு "புரோவோஸ்ட்"னே விட்டிருக்கேன், யாராவது நல்லதா ஒண்ணு சொல்லுங்க.