தட்டும் எஞ்சினில் பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். என் காரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், சூடேறிய பிறகு அடிப்பகுதியிலிருந்து கனமான ‘டக் டக்’ ஒலி எழுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகத்துக்கேற்ப அதுவும் கூடுகிறது. ஒவ்வொரு சிலிண்டராக ஸ்பார்க் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தபோது, மூன்றாவதில் மட்டும் ஒலி வெகுவாகக் குறைந்ததால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையிலுள்ள பேரிங்கையே சந்தேகித்தேன்.

எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைக் கழற்றியதும் சந்தேகம் உறுதியானது. அடியில் தேங்கியிருந்த எண்ணெயை விரலில் தொட்டால் பொடிப்பொடியாக மினுங்கியது. எரிப்பின் அழுத்தத்தை நேராகத் தாங்கும் மேல் ஷெல்லில் (பேரிங்கின் மேல் பாதியில்) வெள்ளைப் பூச்சு தேய்ந்து, செம்பு நிறம் வெளியே தெரிந்தது. அந்த பேரிங் அமரும் கிராங்க் ஜர்னலை (தண்டின் உருளைப் பகுதியை) மைக்ரோமீட்டரால் இரு திசைகளில் அளந்ததில் 0.03 மி.மீ. வேறுபாடு வருகிறது. நகத்தால் வருடினால் ஒரு கீறலும் தட்டுப்படுகிறது. (அந்தக் கீறல்தான் என்னை மிகவும் உறுத்துகிறது.)

எஞ்சினை இறக்காமல், கீழிருந்தே புதிய ஷெல்களையும் புதிய ராட் போல்ட்டுகளையும் பொருத்தி, நசுங்கும் பிளாஸ்டிக் இழையால் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டால் அது நீடிக்குமா? அல்லது கிராங்கை வெளியே எடுத்துக் கடைந்து, குறைந்த விட்டத்துக்கேற்ற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடுவதே முறையா? உலோகத் துகள்கள் ஆயில் பம்ப்பிலும் எண்ணெய்த் துளைகளிலும் தங்கியிருக்குமே என்ற கவலையால் இரண்டாவது வழிக்கே மனம் சாய்கிறது. இந்த வேலையைக் கையால் செய்தவர்கள், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.