நோர்ட்லிங்கன்: மதில் மேல் ஒரு சுற்று

ஜெர்மனியில் மதில் சூழ்ந்த பழைய ஊர் என்றால் எல்லோரும் ரோத்தன்பர்க்குக்குத்தான் ஓடுகிறார்கள். அழகான ஊர்தான், ஆனால் பகலில் கூட்டம் தாங்காது. அதே பவேரியாவில் இருக்கும் நோர்ட்லிங்கனுக்குப் போங்கள் என்பேன் நான்.

இங்கே மதில் மேலேயே ஊரை முழுசாகச் சுற்றி வரலாம். சுமார் 2.7 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. ஓட்டுக்கூரை போட்ட நடைபாதை என்பதால் தூறலிலும் நனையாமல் நடந்தேன். உயரமானவர்கள் உத்தரத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளணும். ஒரு பக்கம் எதிரியைச் சுட விட்ட துவாரங்கள். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மதிலை ஒட்டிய வீடுகளின் கொல்லைகள்: துணிக்கொடி, கீரைப் பாத்தி, சாய்த்து வைத்த சைக்கிள். ஒரு பாட்டி தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் களை பிடுங்கப் போய்விட்டார். எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ!

அப்புறம் புனித ஜார்ஜ் தேவாலயக் கோபுரம். டானியேல் என்று செல்லப்பெயர். 90 மீட்டர், 350 படி. டிக்கெட்டை மேலே போய்த்தான் வாங்க வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டே காசை நீட்டினேன். அங்கிருந்த காவலர் சுவரைத் தட்டிக் காட்டி, "வைரம் இருக்கு, தொட்டுக்கங்க" என்றார். கிண்டல் இல்லை. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே விண்கல் விழுந்து, 24 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அந்த மோதலில் உருகி இறுகிய சுவேவைட் என்ற கல்லில்தான் கோபுரத்தைக் கட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறம், நடுநடுவே கருப்புக் கண்ணாடித் துணுக்குகள். வைரங்கள் கண்ணுக்கே தெரியாத பொடி, சுரண்டிப் பயனில்லை. மேலிருந்து பார்த்தால் வட்டமான ஊர், அதைச் சுற்றித் தட்டையான வயல், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பாக மேடுகள்.

கட்டாயம் ஓர் இரவு தங்குங்கள். பத்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒருமுறை காவலர் கோபுரத்திலிருந்து குரல் கொடுக்கிறார். 1440-இல் எதிரி நுழையட்டும் என்று பூட்டாமல் விட்ட வாசலை ஒரு பன்றி உரசித் திறந்து காட்டிக்கொடுத்ததாம், ஊர் தப்பியதாம். அந்தக் கூவல் அப்போது வந்தது என்பது கதை. நம்புவது உங்கள் இஷ்டம்.

பள்ளத்தைப் பற்றி மேலும் அறிய ரீஸ்கிரேட்டர் அருங்காட்சியகம். 1970-இல், நிலாவுக்குப் போகவிருந்த அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் பாறைகளை அடையாளம் காணப் பயிற்சி எடுத்தது இந்தப் பகுதியில்தான். நிலாக்கல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள்.