80 ரூபாய் ஏறினாலும் 'அதிரடி உயர்வு'தானா?

பஜார்க்காரன்:
எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு மாதம் ஒரு எட்டுப் பக்க இதழ் போடுகிறோம். விலை நிலவரப் பக்கம் என் பொறுப்பு. எழுதித் தருகிறவர்கள் எல்லாரும் பேப்பர் தலைப்பு பார்த்துப் பழகியவர்கள். தங்கம் கிராமுக்கு 10 ரூபாய் ஏறினால் சவரனுக்கு 80. அதற்கு 'அதிரடி உயர்வு'. தக்காளி இரண்டு நாள் ஏறினால் 'வரலாறு காணாத'. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்களே, அன்றைக்குச் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. அதுவும் 'அதிரடி'தான். எதை வைக்க, எதை வெட்ட? பேப்பரில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டெஸ்க்:
அண்ணாச்சி, அதிரடி என்றால் யாராவது இறங்கிச் செய்ய வேண்டும். அதிரடிப்படை, அதிரடிச் சோதனை, சேவாக் ஆட்டம். அரசு வரியைக் குறைத்தது அதிரடி, சரி. சந்தையில் தானாக 80 ரூபாய் ஏறியது என்ன அதிரடி? 'கிடுகிடு' பல நாள் நிற்காமல் ஏறுவதற்கு. 'மளமள'வைத் தீ பரவுகிற செய்திக்கு விட்டுவிடுங்கள்.

பாவப்பட்ட சொல் 'தலைகீழ்'தான். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே, இரண்டும் நடந்தால்தான் அது தலைகீழ். 1991 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக 164, திமுக 2. 1996இல் அதிமுக 4, திமுக 173. அதை அப்படி எழுதலாம். பஸ் நேரம் மாறியதற்கெல்லாம் எழுதுகிறார்கள், என்னத்தைச் சொல்ல!

தலைப்புத் தொழிலாளி:
பழைய டெஸ்க் சார் சொல்வது பேப்பருக்குச் சரி. நான் செய்தி ஆப்பில் இருக்கிறேன். 'சவரனுக்கு ரூ.80 உயர்வு' என்று போட்டால் தலைப்பிலேயே விஷயம் முடிந்துவிடும், யாரும் திறக்க மாட்டார்கள். அதனால்தான் 'தங்கம் விலையில் அதிரடி மாற்றம்'. ஏறியதா இறங்கியதா என்றுகூடச் சொல்ல மாட்டோம். உங்கள் இதழ்தான் கடைக்கே வந்துவிடுகிறதே, உங்களுக்கு எதற்கு இந்தப் பிழைப்பு?

மழைமானி:
வானிலைத் துறையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. தொட்டால் கனமழை, 11.5 தாண்டினால் மிக கனமழை, 20.4 தாண்டினால் அதி கனமழை. அளவு இல்லாமல் சொல் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதுவும் அதே அதி கனமழைதான். அதற்கு மேல் சொல் கிடையாது. 95 என்று எழுதினாலே போதும், ஆள் அரண்டுவிடுவான்.

பஜார்க்காரன்:
நன்றி. இனி தலைப்பில் எண்தான். 'வரலாறு காணாத' என்று எழுதுகிறவர் பழைய உச்ச விலையையும் பக்கத்தில் எழுத வேண்டும். பாதிப் பேர் இதிலேயே ஓடிவிடுவார்கள். ஒரு சந்தேகம். மல்லிகை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரண்டு மடங்காகிறது, முகூர்த்தம் முடிந்ததும் இறங்கிவிடுகிறது. இதை என்னவென்று போட?

பழைய டெஸ்க்:
'முகூர்த்த விலை' என்று போடுங்கள், அண்ணாச்சி. பூக்கடையில் அப்படித்தானே கேட்டு வாங்குகிறோம்.