‘காலவரிசைப் பிரிதிறன்’ வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

காணொளித் தொகுப்பு மென்பொருளில் ‘timeline resolution’ என்றொரு அமைப்பு உண்டு. அதற்குக் ‘காலவரிசைப் பிரிதிறன்’ என்ற சொல்லை முன்மொழிந்தவன் நான்தான். இப்போது அதைக் கைவிடும்படி கேட்கிறேன்.

போன கிழமை திருக்கோணமலையில் என் வீட்டில் இருந்து மருமகன் ஒரு காணொளியைத் தொகுத்தான். வள்ளத்தில் போய்க் கோணேசர் கோயிலை 4கேயில் எடுத்த காட்சி. நான் எழுதிய கையேட்டில் ‘காலவரிசைப் பிரிதிறனை 1920 × 1080 ஆக வையுங்கள்’ என்றிருந்தது. அவனோ திரையில் ஓடும் நேர அளவுகோலை விரிப்பதும் சுருக்குவதுமாக இருந்தான். “மாமா, ஒரு செக்கனை எத்தனையாகப் பிரிக்க வேண்டும்?” என்று கேட்டான். பிழை அவனிடம் இல்லை. காலத்தையும் பிரித்தலையும் ஒன்றாகச் சேர்த்தால் வேறெப்படி விளங்கிக்கொள்வது?

பிரிதிறன் என்பது நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றல். வில்லைக்கு அது பொருந்தும். இந்த அமைப்பு கேட்பதோ படத்தின் அகலத்தையும் உயரத்தையும், படவணுக் (pixel) கணக்கில். நாம் ஒரு சட்டகம் அடித்து அதற்குள் காட்சியை வைக்கிறோம், அவ்வளவுதான். 4கே, அதாவது 3840 × 2160 காட்சியின் மூல அளவு கெடாமல் இருந்தால், 1920 × 1080 சட்டகத்தில் கோபுரத்தை மட்டும் இருமடங்கு நெருக்கிக் காட்டினாலும் கூர்மை குறையாது. காட்சியையே சட்டக அளவுக்குச் சுருக்கிவிடும் தெரிவும் சில மென்பொருள்களில் உண்டு. அதை அழுத்திவிட்டுப் பெரிதாக்கினால் கோபுரத்துச் சிற்பங்கள் மங்கிப்போகும். மருமகனுக்கு நேர்ந்தது அதுதான். ‘சட்டகம்’ என்று சொல்லி விளக்கியதும் உடனே பிடித்துக்கொண்டான்.

ஆகவே ‘காலக்கோட்டுச் சட்டக அளவு’ என்பது என் முன்மொழிவு. காலக்கோடு என்பது காட்சித் துண்டுகளை அடுக்கும் கோடு (timeline). ‘காலவரிசை’ என்றால் நடந்த ஒழுங்கு என்று பொருள்படும். தொகுப்பிலோ இரவுத் தேரை முதலில் காட்டிவிட்டுக் காலைப் பூசைக்கு வரலாம். ஏற்றுமதி செய்யும்போது வருவது ‘வெளியீட்டுச் சட்டக அளவு’. பக்கத்திலேயே ‘சட்டக வீதம்’ (செக்கனுக்கு எத்தனை படம் என்பது) இருப்பதால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் அளவை நடுவிலும் மாற்றலாம். காட்சிகளை இட்ட பிறகு வீதத்தை மாற்ற முடியாது. இந்த வேறுபாட்டைப் புதியவருக்குச் சொல்லவும் சொற்கள் இணையாக இருக்க வேண்டும்.

திரைக்குப் ‘பிரிதிறன்’ என்பது ஏற்கெனவே பழகிவிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். திரைக்கு அது இருக்கட்டும். அதில் கைவைக்க நான் சொல்லவில்லை.

சொல் நீளம் என்பதும் உண்மைதான். மெனுவில் இடம் போதாவிட்டால் ‘சட்டக அளவு’ என்று மட்டும் இடலாம். அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே ‘காலக்கோடு’ இருக்கிறது.