மறுமொழி: ஷாமன் – மந்திரவாதியா, கணையாளரா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழங்குடி மக்களிடையே ஆவியுலக ஆற்றலால் நோய் தீர்ப்பவரைக் குறிக்கும் ‘ஷாமன்’ என்ற சொல் வரும் இடமெல்லாம் தமிழில் ‘மந்திரவாதி’ என்று போடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதுமே மண்டையோடும் எலுமிச்சம்பழமும் கண்முன் வந்துவிடும், நோயாளியை நாம் மறந்துவிடுவோம். ‘சாமியாடி’யும் பொருந்தாது. சாமியாடி மேல் சாமி இறங்குகிறது. ஈக்வடார் மழைக்காட்டு ஷுவார் மக்களின் ஷாமனான ‘உவிஷின்’ மேல் எதுவும் இறங்குவதில்லை. ஆற்றலைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருந்து, வேண்டும்போது தானே ஏவுகிறார்.

அந்த ஆற்றலுக்குப் பெயர் சென்ட்சாக். ஊதுகுழலில் வைத்து ஊதும் சிறு கணைக்கும் அதே பெயர்தான். கண்ணுக்குத் தெரியாத கணைகள் உடம்பில் தைப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. உவிஷின் இருட்டில் நட்டெம் என்னும் கொடிச்சாற்றைக் குடித்து, கணை தைத்த இடத்தைக் கண்டு, வாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்.

1956-57இல் அவர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர் எழுதியதில் ஒரு பகுதி இந்த விவாதத்துக்கு முக்கியம். குரு, ஒளிரும் ஒன்றை வாயிலிருந்து வரவழைத்து, வெட்டுக்கத்தியால் ஒரு துண்டு அறுத்துச் சீடனுக்கு விழுங்கக் கொடுக்கிறார். நாள்கள் கழித்து முதல் கணை சீடனின் வாய்க்கு ஏறி வரும். யார் மேலாவது துப்பிவிட வேண்டும் என்ற வேகமும் கூடவே வரும். துப்பினால் அவன் நோய் ஏவுபவன். அடக்கிக்கொண்டு விழுங்கிவிட்டால் நோய் தீர்ப்பவன்.

இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே கணை. ‘செய்வினைக்காரர்’ என்றால் ஒரு பாதிதான் வரும், ‘மருத்துவர்’ என்றால் மறு பாதிதான். அதனால் சென்ட்சாக்கைக் ‘கணை’ என்றும் உவிஷினைக் ‘கணையாளர்’ என்றும் வைக்கலாம் என்பது என் பரிந்துரை. ‘ஆள்’ என்னும் வேரில் உடைமையும் உண்டு, அடக்கி ஆள்வதும் உண்டு. வாய்க்கு வந்த கணையை விழுங்கியவருக்கு இரண்டுமே பொருந்தும். ‘ஷாமன்’ சைபீரிய ஈவெங்கி மொழியிலிருந்து வந்த சொல். அதைப் பொதுச்சொல்லாக அப்படியே விட்டுவிடலாம்.

‘கணையாளர்’ என்றால் வில்லாளியோடு குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சங்கப் பாடல்களில் வெறியாடி நோய்க்குக் காரணம் சொன்னவன் வேலன். கையில் வேல் இருந்ததால் வந்த பெயர். அவனைப் போர்வீரன் என்று நாம் எண்ணுவதில்லையே.

உவிஷின்களில் பெண்களும் உண்டு, குறைவுதான். ‘கணையாளர்’ இருபாலுக்கும் வரும் என்பதால் தனிப் பெண்பாற் சொல் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.