பெருங்குடல் புற்றுநோய்: அறிக்கையில் ‘புரதம் இல்லை’ என்றால் என்ன பொருள்?

கெடிலக்கரை (கடலூர்):
61 வயதான என் தந்தையின் வலப்புறப் பெருங்குடலில் இருந்த கட்டியை ஆறு வாரங்களுக்கு முன் புதுச்சேரியில் அறுவை செய்து அகற்றினார்கள். இரண்டாம் நிலை, நிணநீர்க் கணுக்களில் பரவவில்லை என்றார்கள். நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவு முன்பு 14 ஆக இருந்தது, இப்போது 2.1. ஆனால் திசு ஆய்வு அறிக்கையில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 புரதங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறது. திரும்பும் பேருந்தில் அப்பா அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இல்லை என்றால் நல்லதா, கெட்டதாம்மா?” என்று கேட்டார். கீமோ வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறார். பெரியவர்கள் யாராவது விளக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை:
அம்மா, திசுவுக்குச் சாயமேற்றும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, இந்த இரண்டுக்கும் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகியவற்றுக்கும் தனித்தனியே சாயமேற்றுவோம். புரதம் இருந்தால் உயிரணுவின் கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும், பக்கத்திலுள்ள நலமான திசு பழுப்பாகியிருந்தால்தான் அந்த நீலத்தை நம்புவோம். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை இப்புரதங்கள். எம்.எல்.எச்.1 இல்லாமல் பி.எம்.எஸ்.2 நிலைக்காது என்பதால் இரண்டும் சேர்ந்தே மறையும்; இரண்டு கேடுகள் என்று எண்ண வேண்டாம். பிழைகள் மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் அடையாளம் காண்பதால், இரண்டாம் நிலையில் இத்தகைய நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவற்றைவிடக் குறைவு. ஃப்ளோரோயூராசில் என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதும் இவர்களுக்குப் பயன் தருவதில்லை. கீமோ வேண்டாம் என்றது பெரும்பாலும் இதனால்தான். அதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்:
சி.இ.ஏ. இறங்கியது நல்ல அறிகுறி. முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். என் அண்ணனுக்கு இரண்டு இடங்களில் எடுத்த எண்களை ஒப்பிட்டு, நோய் திரும்பியதாக எண்ணி இரண்டு வாரம் தூக்கமின்றித் தவித்தோம். புகைப்பவர்களுக்கும் சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாக இருக்கும்.

முத்தியால்பேட்டை:
ஒன்று விட்டுப்போயிற்று. கட்டியில் பிராஃப் மரபணுச் சோதனை செய்தார்களா? அதில் வி600ஈ மாற்றம் இருந்தால் இது பரம்பரையாக வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லாவிட்டால் பரம்பரையாகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லின்ச் நோய்க்குறியா என்று மேலும் பார்க்க வேண்டும்; அது உறுதியானால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணுச் சோதனையும், தேவைப்பட்டால் குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் அவசியம்.

கெடிலக்கரை:
ஐயா, பழுப்பையும் நீலத்தையும் அப்பாவிடம் சொன்னேன். இன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். பிராஃப் சோதனை செய்யவில்லை என்று தெரிந்தது. அச்சோதனைக்காக, அப்பாவின் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கத் திங்கட்கிழமை புதுச்சேரி செல்கிறேன்.