நெற்றியில் லைட் அடித்துப் பச்சைக் குழந்தையின் செங்கமாரி (மஞ்சள் காமாலை) பார்ப்பது சரியா?

மல்லாவி அம்மம்மா:
பேத்தி பிறந்து இன்று மூன்றாம் நாள். கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. இளவெயிலில் பிடிப்போம் என்றேன், மகள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி (நர்ஸ்) டோர்ச் மாதிரி ஒன்றை நெற்றியில் வைத்து அழுத்தினார். டக்கென்று மின்னியது, நம்பர் வந்தது. ஊசியே இல்லை. அப்புறம் எதற்குக் குதிக்காலில் குத்தி இரத்தமும் எடுத்தார்கள்? பிள்ளை வீறிட்டு அழுதது.

வவுனியா லாப் தம்பி:
அம்மா, செங்கமாரியில் கூடும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 450-460 நானோமீற்றர் பக்கத்து நீல ஒளியை நன்றாக விழுங்கும். தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சத்தில் நீலம் எவ்வளவு குறைகிறது என்றுதான் கருவி பார்க்கிறது. ஆனால் இரத்தத்துச் சிவப்பு, அதுதான் ஹீமோகுளோபின், அதே நீலத்தில் பங்கு கேட்கும். அதனால் சில கருவிகள் 550 பக்கத்துப் பச்சையிலும் அளந்து அதைக் கழிக்கும். எப்படியும் அது தோலின் கணக்கு. எண் கூடினால் இரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும். வெயிலை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

புளியங்குளம் அக்கா:
செங்கமாரி குறைய என் மகனை நீல லைட்டில் வைத்த பிறகு நெற்றியில் பார்க்கவில்லை, இரத்தம்தான் எடுத்தார்கள்.

வவுனியா லாப் தம்பி:
ஓம் அக்கா. லைட் பட்ட தோல் முதலில் வெளுத்துவிடும், கருவி குறைத்துக் காட்டும்.

மல்லாவி அம்மம்மா:
மகள் இப்போதுதான் போன் எடுத்தாள். இரத்தத்திலும் கூடவாம், இன்றிரவு லைட்டில் வைக்கிறார்கள். கண்ணைக் கட்டும் துணி பொம்மைக்குத் தைத்தது போல இருக்கிறதாம்.